பாயில் இருக்காத மாப்பிள்ளை

நெளுக்குளம்
08.02.2024

அனோஜன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அவருக்கு ஒரு கதிரை எடுத்துக் குடுங்கோ."

குசினி வாசலில் நின்று சொல்லியிருந்தாலே முன் அறைக்குக் கேட்டிருக்கும். கதிரைகள் எங்கே இருந்தன என்றும் எனக்குத் தெரியும். நீங்கள் வருவதற்கு முன்னர் அப்பாவே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு வந்தார். ஆனால், பார்க்க வந்தவருக்குப் பெண்ணே கதிரை கேட்டாள் என்றால் என் தம்பி அஜந்தன் அதை என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லிக் காட்டுவான். அதனால் பேசாமல் இருந்தேன்.

நான் பிரேமிளா. தேத்தண்ணித் தட்டோடு வந்தவள். நீங்கள் என்னைப் பார்த்தீர்களோ தெரியாது. விரித்திருந்த பாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், அதற்குள் பாம்பு கிடப்பதுபோல.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வருகிற மாப்பிள்ளை முதல் நாள் பெண்ணின் தகப்பனோடு ஒரே பாயில் சப்பாணி கட்டி, காலை மடித்து இருந்து சாப்பிட வேண்டும். இருந்து சாப்பிட்டால் சம்மதம். அவ்வளவுதான், வேறு பேச்சு இல்லை. அம்மா விடிய எழும்பி இலை வெட்டினார். அப்பா பாயில் ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்து, பக்கத்தில் கையால் தட்டி, "இருங்க தம்பி" என்றார். நீங்கள், "பரவாயில்லை, நான் நிண்டுகொண்டே சாப்பிடுறன்" என்றீர்கள். பிறகு பசியில்லை என்றீர்கள். பிறகு முற்றத்து மாமரத்தைப் பற்றி ஏதோ கேட்டீர்கள்.

அப்பாவுக்கு என்ன விளங்கியது என்று நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஆட்கள். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றக் கொலனியில் வயல் எடுத்த குடும்பம். "தோட்டத்துக்காரன் பாயில அவங்க எதுக்கு ஒக்காரணும்?" என்று அன்றிரவு அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் குசினி யன்னலுக்குள்ளால் நான் வேறொன்றும் பார்த்தேன். நீங்கள் வந்த வான் வண்டியில் இருந்து பின்பக்கமாக இறங்கினீர்கள். இடது காலை ஒரு பலகையை இழுப்பதுபோல இழுத்து வைத்தீர்கள். செருப்பைக் கழற்றக் குனியவில்லை. ஒரு காலால் மற்றதைத் தட்டி விட்டீர்கள்.

ஆகவே ஒரு கேள்வி. உங்களுக்குப் பாயில் இருக்க ஏலாதா, இருக்க மனமில்லையா? ஒரு சொல்லில் எழுதினால் போதும்.

போனில் கேட்டிருக்கலாம். உங்கள் இலக்கத்தை அஜந்தன் என் போனில் தடுத்து வைத்திருக்கிறான். அதை எடுத்துவிட எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருடைய போன் எல்லோருடைய போனும்தான். கடிதத்தை நான் வேலை செய்கிற நூலக விலாசத்துக்கு எழுதுங்கள். அங்கே வருகிற எதையும் யாரும் வாசிப்பதில்லை.

பிரேமிளா


உருத்திரபுரம்
13.02.2024

பிரேமிளாவுக்கு,

ஏலாது.

ஒரு சொல் போதும் எண்டுதான் எழுதியிருந்தியள். ஆனா முத்திரை ஒட்டின கடிதத்தில ஒரு சொல்லை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரேல்லை.

உங்களை நான் பாத்தனான். பச்சைச் சட்டை. தேத்தண்ணியை என்னட்ட நீட்டேக்க, "சீனி காணுமோ?" எண்டு கேட்டியள். நான் "ஓம்" எண்டன். சீனியே போடேல்லை. சொல்லாமல் குடிச்சனான்.

விசயத்துக்கு வாறன். எனக்கு இடது இடுப்பு மூட்டு பழுது. தொடையெலும்பின்ர மேல் நுனி ஒரு உருண்டை. டொக்டர்மார் அதைத் தலை எண்டு சொல்லுவினம். தலைக்குக் கீழ கழுத்து. அந்தத் தலை இடுப்பெலும்பில இருக்கிற ஒரு கிண்ணத்துக்குள்ள சுழல வேணும். எனக்குக் கழுத்து தடிப்பு. தலையும் கழுத்தும் சேருற இடத்தில ஒரு புடைப்பும் இருக்கு. நீங்கள் குசினியில கறிச்சட்டிக்குள்ள அகப்பையை விட்டுச் சரிச்சுப் பாருங்கோ. ஒரு அளவுக்கு மேல சரிச்சால் காம்பு சட்டி விளிம்பில முட்டும். இன்னும் அமத்தினால் அகப்பையின்ர தலை கிளம்பும். நான் குந்தினாலோ சப்பாணி கட்டினாலோ எனக்குள்ள அதுதான் நடக்குது. முட்டி முட்டி, விளிம்பும் போய், தலையில இருந்த வழுவழுப்பும் போட்டுது. இப்ப எலும்பும் எலும்பும் உரசுது.

எனக்கு முப்பத்து நாலு வயசு. பத்து வருசம் கரப்பந்து விளையாடினனான். இப்ப விவசாயப் போதனாசிரியர். வரம்பில குந்தியிருந்து நெல்லுக்கு என்ன வருத்தம் எண்டு பாக்க வேண்டிய ஆள், நிண்டபடி பாத்து, "மேலால நல்லா இருக்கு" எண்டு எழுதிக்கொண்டு வாறன்.

கொழும்பில ஒரு டொக்டர் பாத்தவர். எனக்கு வயசு காணாது எண்டபடியால் முழு மூட்டையும் மாத்தாமல், தலையைச் சீவி அதுக்கு மேல உலோகத் தொப்பி ஒண்டு போடலாமாம். சொத்தைப் பல்லுக்கு மூடி போடுற மாதிரி. கிண்ணத்துக்கும் உள்ளால உலோகம். கழுத்து என்னுடைய கழுத்துத்தான். அதுதான் நல்லதும், அதுதான் பயமும். தடிச்ச கழுத்து அப்பிடியே இருந்தால் புதுக் கிண்ணத்தின்ர விளிம்பிலயும் முட்டுமாம்.

அண்டைக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பியள். அம்மா வான் ஏற முதலே சத்தியம் வாங்கிப்போட்டா. "இடுப்பில வருத்தம் எண்டு வெளியால தெரிஞ்சால் சனம் வேற எங்கயோ யோசிக்கும். பிள்ளை குட்டி பிறக்குமோ எண்டு கேக்கும்." கலியாணம் முதல், ஒபரேசன் பிறகு எண்டது அவாவின்ர திட்டம். பாய் விரிப்பியள் எண்டு அவாவின்ர திட்டத்தில இருக்கேல்லை. நான் நிண்ட உடன அம்மா, "அவருக்கு இண்டைக்கு விரதம்" எண்டா. அதே நேரம் சித்தி, "வழியில புளியங்குளத்தில வயிறு முட்டச் சாப்பிட்டவர்" எண்டா. நான் மாமரத்தைப் பற்றிக் கேட்டது அதாலதான்.

உங்கட அப்பாவுக்கு இப்பிடி விளங்கும் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. ஆனாலும் ஒரு உதவி. இதை நீங்கள் உங்களோட வைச்சிருங்கோ. அம்மாவுக்குச் சொன்ன சொல்.

அனோஜன்


நெளுக்குளம்
17.02.2024

அனோஜன் அவர்களுக்கு,

சீனிக்கு மன்னிக்கவும்.

மற்றதற்கு மன்னிக்க மாட்டேன். உங்கள் இடுப்பு ரகசியமாக இருக்கட்டும் என்கிறீர்கள். அதற்காக என் அப்பா எதைச் சுமக்க வேண்டும் என்று யோசித்தீர்களா? எழுபத்தேழு கலவரத்தோடு அட்டன் பக்கமிருந்து வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் மாடு மேய்க்க விட்டார்கள். அந்த வீட்டில் எல்லோருக்கும் தேத்தண்ணி கோப்பையில். அவருக்கு மட்டும் சிரட்டையில். அந்தச் சிரட்டையைப் பற்றி அவர் எனக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நின்றபோது அவர் முகத்தில் நான் பார்த்தது அதைத்தான். உங்கள் அம்மா ஊர்க் கதைக்குப் பயந்து ஓர் இடுப்பு மூட்டை ஒளித்தார். அது போய் எங்கே முட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இதை அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன். சொன்னால், "புள்ள அந்தப் பையனுக்காகப் பொய் சொல்லுது" என்பார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் என்னிடம் ஓம் என்றோ இல்லை என்றோ பதில் கிடையாது.

நூலகத்தில் ஓர் உடற்கூற்றுப் புத்தகம் இருக்கிறது. இதற்கு முன்னர் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதையும், தேடி எடுத்த வேறு சில கட்டுரைகளையும் வாசித்தேன். உங்கள் டொக்டரிடம் கேட்க எனக்குச் சில கேள்விகள் உண்டு. கிண்ணத்தை எந்தப் பக்கம் பார்க்கவைத்துப் பொருத்தப் போகிறார்? சாய்வு கொஞ்சம் பிசகினாலும் கழுத்து முட்டுமாம். தொப்பியைச் சற்று முன்னுக்குத் தள்ளிப் போட்டால் குனிகிறபோது இடம் கிடைக்குமாம். அது உங்களுக்குச் சரிவருமா? அந்தப் புடைப்பைச் சீவுவாரா? குறைவாகச் சீவினால் முட்டும். கூடச் சீவினால் கழுத்து முறியும். அதைச் செய்கிறவருடைய கையைப் பற்றி நான்கு பேரிடம் விசாரியுங்கள். வான் பிடிக்கிறதற்கு அவ்வளவு விசாரித்திருப்பீர்களே.

அகப்பையைச் சரித்தும் பார்த்தேன். அம்மா பிடித்துவிட்டார். "என்னாடி, கறிய கிண்டாம சட்டிய இடிச்சிக்கிட்டு நிக்கிற?"

ஒபரேசன் முதலில். கலியாணம் யாருடையது என்றாலும் பிறகு.

பிரேமிளா


உருத்திரபுரம்
25.02.2024

பிரேமிளாவுக்கு,

நீங்கள் பொம்பிளையோ, சோதனை மேற்பார்வையாளரோ? உங்கட கேள்வியளை டொக்டருக்கு அனுப்பினன். "இதை எழுதினது ஆர்? மருத்துவ மாணவியோ?" எண்டு திருப்பிக் கேட்டவர். "நூலகத்தில வேலை செய்யிறவா" எண்டன். "அப்ப அவாவைக் கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டார். நீங்கள் இன்னும் எனக்கு ஒண்டும் ஆகேல்லை எண்டதை அவருக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்துது.

அம்மாவிட்ட, "நான் சொல்லப்போறன்" எண்டு சொன்னன். மூண்டு நாளாக் கதைக்கேல்லை. கறிக்கு உப்பும் இல்லை. அப்பா தவராசா, சண்டை எண்டாலே வயலுக்குப் போற மனிசன், இப்ப அறுத்து முடிஞ்ச வயலுக்கும் போறார்.

உங்கட வீட்டுக்குப் போன் எடுத்தன். அஜந்தன் எடுத்தார்.

"நான் அனோஜன் கதைக்கிறன்."

"எந்த அனோஜன்? நிண்ட அனோஜனோ?"

"ஓம்."

"இப்பவும் நிண்டுகொண்டுதான் கதைக்கிறியளோ?"

உண்மையில நான் நிண்டுகொண்டுதான் கதைச்சனான். மாமாவோட கதைக்க வேணும், எனக்கு இடுப்பில வருத்தம் எண்டு சொன்னன். "அண்ணை, மூண்டு கிழமையா யோசிச்சு நல்ல சாட்டுத்தான் கண்டுபிடிச்சிருக்கிறியள். விரதம், புளியங்குளம், இப்ப இடுப்பு. அடுத்தது பல்லோ?" எண்டு கேட்டிட்டு வைச்சுப்போட்டார்.

வாய்ச்சொல்லை நம்பாட்டில் கண்ணால பாக்கட்டும். என்ர எக்ஸ்ரே படத்தை இதோட அனுப்புறன். முழுப்படம் இல்லை. இடுப்புப் படத்தில நடுவால தெரியக் கூடாத விசயங்களும் மங்கலாத் தெரியும். அது உங்கட வீட்டு யன்னலில தொங்குறதை நினைச்சால் எனக்கு நித்திரை வராது. அதால கத்தரிக்கோலால நடுவால வெட்டிப்போட்டன். இடது பக்கம் மட்டும் இருக்கு. முட்டுற இடத்தில நீலப் பேனையால வட்டம் போட்டிருக்கிறன்.

அனோஜன்


நெளுக்குளம்
04.03.2024

அனோஜன் அவர்களுக்கு,

முதலில், "மாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் மாமா ஆகவில்லை. "உங்கட அப்பா" என்று எழுதுங்கள்.

படம் வந்தது. கடித உறையில் எக்ஸ்ரேயை நான்காக மடித்து அனுப்பிய முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். விரித்து, குசினி யன்னலில் ஒட்டினேன். அப்பா வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அந்த வட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது யாரு எலும்பு?" என்றார்.

"அவருடையது."

"பேரு எங்க?"

பேர் இல்லை. ஆஸ்பத்திரியில் பேரும் திகதியும் படத்தின் மற்ற மூலையில் அடித்திருக்கிறார்கள். நீங்கள் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் பேரையும் சேர்த்து வெட்டி வைத்துக்கொண்டீர்கள். அஜந்தன் சொன்னான்: "மாட்டு எலும்பாவும் இருக்கலாம்." அம்மா வடிவம்மா மட்டும், "மாட்டுக்கு இப்புடி இருக்காதுடா, நான் எத்தன தடவ வெட்டிக் கழுவியிருக்கேன்" என்றார். அது உங்களுக்குச் சாதகமான சாட்சியா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. டொக்டர் தொப்பியின் அளவைக் கணிக்க இரண்டு பக்க இடுப்பும் ஒரே படத்தில் வேண்டும் என்று வாசித்தேன். நல்ல பக்கத்தைப் பார்த்துத்தான் பழுதான பக்கத்தை அளப்பார்களாம். ஆகவே நீங்கள் திரும்பவும் படம் எடுக்க வேண்டி வரும். தயவுசெய்து அதை வெட்டாதீர்கள்.

இனி நடந்ததை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை விடிய அப்பா வெள்ளைச் சாரம் கட்டி, குடையும் எடுத்துக்கொண்டு, வைக்கோல் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினார். எங்களிடம் மாடு இல்லை. போன வருடமே விற்றுவிட்டோம். பின்னேரம் திரும்பி வந்தார். சாரம் முழங்கால் வரைக்கும் சேறு. கிணற்றடியில் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட இருந்தார். அம்மா இரண்டாம் தரம் சோறு போடும்போது கேட்டார்:

"நம்ம கக்கூசு குந்துற மாதிரி தானே இருக்கு?"

"பின்ன எப்புடி இருக்கும்?"

"உசரமா, கதிர மாதிரி ஒண்ணு வைக்கணும்னா எந்த மேசனக் கேக்கணும்?"

அவ்வளவுதான். போய்ப் படுத்துவிட்டார். அம்மா அகப்பையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

உருத்திரபுரத்தில் என்ன நடந்தது?

பிரேமிளா


உருத்திரபுரம்
09.03.2024

பிரேமிளாவுக்கு,

உங்கட அப்பா வந்தவர். (பாருங்கோ, திருத்திப்போட்டன்.)

நான் வாய்க்கால் கரையில நிண்டு ஒரு கமக்காரரோட கதைச்சுப்போட்டு அவரை அனுப்பிவிட்டனான். அங்கால வரம்பில குடையோட ஒருத்தர் நிக்கிறார். மழையும் இல்லை, பெரிய வெயிலும் இல்லை. குடையைச் சரிச்சுப் பிடிச்சு முகத்தை மறைச்சுக்கொண்டு என்னையே பாக்கிறார். அரைமணித்தியாலமா அசையேல்லை. ஆரோ திணைக்களத்தில இருந்து என்னை வேவு பாக்க வந்திருக்கினம் எண்டு நினைச்சன்.

அந்த நேரம் பாத்து என்ர போன் கீழ விழுந்துது. நான் நிலத்தில இருந்து ஒரு சாமானை எடுக்கிறது எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியாது. இடது காலைப் பின்னால நீட்டி, வலது காலில நிண்டு, கொக்கு மீன் கொத்துற மாதிரிக் குனிய வேணும். ஆரும் பாக்காத இடத்திலதான் செய்யிறனான். அண்டைக்கு வரம்பு ஈரம். கொக்கு தலைகீழா வாய்க்காலுக்குள்ள போட்டுது.

குடை பறந்து வந்துது. ரெண்டு கையாலும் என்ர கமக்கட்டுக்குள்ள பிடிச்சுத் தூக்கினார். அப்பதான் முகத்தைப் பாத்தன். அவருக்கும் நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு விளங்கிச்சுது. ஆனா ரெண்டு பேரும் ஆரெண்டு தெரியாத மாதிரியே கதைச்சம். ஏன் எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது.

"எந்தக் காலு தம்பி?"

"இடது, ஐயா. ஐயா எந்தப் பக்கம்?"

"வவுனியாப் பக்கம். வைக்கோல் பாக்க வந்தேன்."

"நல்ல ஊர்."

"ஊரு நல்ல ஊருதான். வர்ற ஆளுங்கதான் ஒக்காந்து சாப்புட மாட்டேங்கிறாங்க."

"சில பேருக்கு இருக்க ஏலாதாம், ஐயா."

"ஏலாதுன்னா வாயத் தொறந்து சொல்லணும்ல? நாங்க என்ன கடிச்சா தின்னுருவோம்?"

"பயமா இருந்திருக்கும்."

"யாருக்கு?"

"தாய்க்கு."

பிறகு, "டொக்டரு என்னா சொல்றாரு?" எண்டு கேட்டார். நான் தலை, கழுத்து, கிண்ணம், தொப்பி எல்லாம் சொன்னன். வாய்க்கால் தண்ணியில நிண்டபடி, சேறு வடிய வடிய. அவர் கேட்ட ஒரே கேள்வி: "கக்கூசுக்கு எப்புடிப் போற?"

அதுக்குள்ள அம்மா வீட்டில இருந்து ஓடி வந்திட்டா. அவாவுக்கு நடிக்கத் தெரியாது. "ஐயோ சம்பந்தி!" எண்டு கத்திப்போட்டு வாயைப் பொத்தினா. உள்ளுக்கு வரச்சொல்லிக் கேட்டா. அவர் மாட்டன் எண்டார். தேத்தண்ணியை வரம்புக்கே கொண்டுவந்தா. அலுமாரிக்குள்ள கலியாணங் காட்சிக்கு எண்டு வைச்சிருக்கிற பூப் போட்ட கோப்பையள். அவருக்கு ஒண்டு, தனக்கு ஒண்டு. வெறும் வரம்பில தான் முதல் இருந்துகொண்டு, "இருங்கோ, இருந்து குடியுங்கோ" எண்டா.

"பரவால்ல, நான் நிக்கிறேன்" எண்டார் உங்கட அப்பா.

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போட்டுது. அவர் என்னைத் திரும்பிப் பாத்தார். அவருக்கும் வாய் கோணிச்சுது. அம்மாவுக்கு மட்டும் விளங்கேல்லை. அழுதுகொண்டு, நான் சின்னனில எப்ப நடந்தனான், எப்ப விழுந்தனான் எண்டு எல்லாம் சொல்லத் தொடங்கிட்டா.

சித்திரை கடைசியில ஒபரேசனுக்கு நாள் தந்திருக்கினம். அம்மா இனி ஒண்டையும் ஒளிக்க மாட்டன் எண்டு சொல்லி, இப்ப மீன் விக்க வாறவனுக்கும் சொல்லுறா.

அனோஜன்


நெளுக்குளம்
16.03.2024

அனோஜன் அவர்களுக்கு,

அப்பா இன்னும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நேற்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சில் உங்கள் கழுத்துத்தான் பேசுபொருள். "கழுத்த ரொம்பச் செதுக்கிற வேணாம்னு டொக்டருகிட்ட சொல்லணும்" என்கிறார். "நீங்க போய்ச் சொல்லுங்க, அவரு ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்கிறார் அம்மா. அஜந்தன் யன்னலில் இருந்த படத்தைத் தானாகவே கழற்றி, ஒரு கடதாசி மட்டைக்குள் வைத்துத் தந்தான். அவன் மன்னிப்புக் கேட்டால் இப்படித்தான் கேட்பான்.

இரண்டு விடயங்கள் மிஞ்சியிருக்கின்றன.

ஒன்று, மணவறை. எங்கள் கோயில் ஐயரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். மாப்பிள்ளை சப்பாணி கட்டாமல் ஸ்டூலில் இருக்கலாமா என்று. "ஸ்டூல் சாஸ்திரத்தில இல்லை, பிள்ளை. ஆனா மணவறை வாடகைக்கு விடுறவரிட்ட இருக்கு" என்றார். அவருக்கு அது பிரச்சினையே இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது. ஒபரேசன் செய்தால் கொஞ்ச மாதத்தில் நீங்கள் எல்லோரையும்போல நிலத்தில் இருந்து எழும்புவீர்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அதை வைத்துத்தான் அமைதியாக இருக்கிறார். "நல்லாகிட்டு வரட்டும், பாயில ஒக்காரட்டும், அப்பறம் பேசுவோம்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நீங்கள் வாய்க்காலில் நின்று எல்லாம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதைச் சொன்னீர்களா? தொப்பி போட்டாலும் கழுத்து உங்களுடையதுதான், முட்டுமா முட்டாதா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது என்று?

மற்றது என்னைப் பற்றியது. நான் இப்படி எழுதுகிற ஆள் இல்லை. மனதில் இருப்பதை ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால்கூட எழுதமாட்டேன், நூலகப் புத்தகம் என்பதால் மட்டுமில்லை. ஆனால் இரவில் அந்தக் கட்டுரைகளை வாசிக்கும்போது, எத்தனை பேருக்கு என்ன பிழைத்தது என்று எழுதியிருக்கிற இடம் வந்தால் பக்கத்தைத் தாண்டிவிடுகிறேன். முன்பு நான் எந்தப் புத்தகத்திலும் பக்கம் தாண்டியதில்லை.

நீங்கள் பாயில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் இந்த வீட்டில் அந்தப் பாய் என்னுடையது இல்லை.

கொழும்புக்கு நானும் வருகிறேன். டொக்டர் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அது உண்மைதானே?

பிரேமிளா


கொழும்பு
03.05.2024

பிரேமிளாவுக்கு,

கட்டிலில படுத்துக்கொண்டு எழுதுறன். எழுத்து சரிஞ்சால் அது நான் சரிஞ்சு கிடக்கிறதால. ரெண்டு காலுக்கும் நடுவில ஒரு பெரிய தலையணை. காலைக் குறுக்கால போட்டிடுவன் எண்டு இரவிலயும் வந்து பாக்கினம்.

டொக்டர் வந்து உள்ளுக்கு என்ன செய்தவர் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டார். நான் அழேல்லை. அம்மா எனக்காகவும் சேத்து அழுதுபோட்டா. இப்ப ஊண்டுதடியோட கதவு வரைக்கும் போறன்.

எனக்கு வேண்டியது வேற. திங்கட்கிழமை என்னை உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு போகேக்க நீங்களும் உங்கட அப்பாவும் அம்மாவோட நிண்டது தெரியும். அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது. நான் தெளிஞ்சு எழும்ப முதல் நீங்கள் வவுனியா பஸ் எடுத்திட்டியள். டொக்டர் வெளியில வந்து உங்கட அப்பாவுக்கு என்ன சொன்னவர்? அவர் அதுக்கு என்ன சொன்னவர்? அம்மாவிட்டக் கேட்டால், "எல்லாம் நல்லபடி" எண்டுறா. மீன்காரனுக்கு எல்லாம் சொல்லுற மனிசி எனக்கு மட்டும் சொல்லுறா இல்லை.

உங்கட முந்தின கடிதத்துக்கு நான் பதில் எழுதேல்லை. நீங்கள் கேட்டது சரி. அந்த ஒண்டை நான் வாய்க்காலில நிண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தால் அவர் கோப்பையை வைச்சிட்டுப் போயிருப்பார் எண்டு பயந்தனான்.

நான் அரை மயக்கத்தில உங்களிட்ட ஏதோ கேட்டனானாம். அம்மா சிரிக்கிறா. என்ன கேட்டனான்?

அனோஜன்


நெளுக்குளம்
08.05.2024

அனோஜன்,

நடந்தது இதுதான்.

உங்களை உள்ளே கொண்டுபோனதும் அப்பா சுவரோடு நின்றார். உங்கள் அம்மா ஒரு பை நிறைய மோதகம் கொண்டுவந்திருந்தார். அப்பாவும் அவரும் யாருக்கு எந்தச் சாமியிடம் நேர்த்திக்கடன் இருக்கிறது என்று வாதாடத் தொடங்கினார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்கு இரண்டு பேரும் ஒரே நேர்த்தியை வைத்திருந்தது தெரியவந்தது. ஆளுக்கு நூறு தேங்காய். பிள்ளையார் இருநூறையும் எதிர்பார்ப்பாரா, நூறோடு விடுவாரா என்று முடிவாகவில்லை.

மத்தியானத்துக்குக் கிட்ட டொக்டர் வெளியே வந்தார். "அந்தக் கேள்விகள் எழுதின பிள்ளை ஆர்?" என்று கேட்டார். பிறகு எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னார். திறந்து பார்த்தபோது தலைக்குள் எலும்பு குழி விழுந்து கிடந்திருக்கிறது, படத்தில் தெரிந்ததைவிட அதிகமாக. அதன்மேல் தொப்பி போட்டால் நிற்காது. அதனால் தொப்பித் திட்டத்தை விட்டுவிட்டு, தலையையும் கழுத்தையும் வெட்டி எடுத்து, முழு மூட்டையும் மாற்றிவிட்டார். நாம் நான்கு கடிதம் எழுதிச் சண்டை பிடித்த கழுத்து இப்போது இல்லை.

அப்பா கேட்டார்: "அப்ப இனிமே முட்டாதுல்ல?"

"புதுக் கழுத்து மெல்லிசு. அவ்வளவு சுலபமா முட்டாது. ஆனால் நல்லாக் குனிஞ்சு, காலை மடிச்சு இருந்தால் மூட்டு கழண்டுபோகலாம்."

"அப்ப கீழ ஒக்கார?"

"வேண்டாம். சப்பாணி வேண்டாம், குந்துறது வேண்டாம்."

"எத்தன மாசத்துக்கு?"

"மாதக் கணக்கில்லை, ஐயா. ஒருநாளும் வேண்டாம்."

டொக்டர் போய்விட்டார். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அப்பாவைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த சிங்கள அறிவித்தலை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட வேண்டாம் என்று எழுதியிருந்தது.

பிறகு உங்களை வெளியே கொண்டுவந்தார்கள். நீங்கள் கேட்டது, "என்னைக் கட்டுவியளோ?" என்று. முதல் தடவை தாதியிடம் கேட்டீர்கள். அவர் சிங்களத்தில் உங்களைப் படுக்கச் சொன்னார். இரண்டாம் தடவை என்னிடம். நான் ஓம் என்றேன். உங்களுக்குக் கேட்கவில்லைப்போல, திரும்பவும் கேட்டீர்கள். அப்பா பக்கத்தில் நின்றார். நான் திரும்பவும், கொஞ்சம் சத்தமாக, ஓம் என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். உங்கள் காலைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வெளியே போனார். அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர், எல்லாம் கேட்டது. ஐயருக்குப் போன் எடுத்து நாள் கேட்டார்.

ஆவணியில் வைத்திருக்கிறது.

பிரேமிளா